சலித்தெடுத்த தூசி

சிங்கப்பூரில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு என் நாத்தனார் வீட்டுக்காரர் பழமலைநாதன் போனில் பேசினார். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், தரையெல்லாம் காயப் போட்டிருந்த களிமண் பிள்ளையார்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி நின்றபடி என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். எங்கள் பெண் எந்த ஊரில் வளரப் போகிறாள் என்பது இந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் கடையில் லுங்கி எடுக்கிற மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு மிஷினு இருக்குது நந்தா," என்றது ஸ்பீக்கரில் பழமலைநாதன் அண்ணன் குரல். "ஒண்ணு குழாய் வெச்சது. கையில புடிச்சிக்கிட்டு, தூசி எங்க இருக்குதோ அங்க காட்டணும், உறிஞ்சிடும். இன்னொண்ணு வட்டமா இருக்குது. ரோபோ. நாம ஒண்ணும் பண்ண வேணாம், தானா தரையில சுத்தி சுத்தி எடுக்கும். மூணாவதும் அதே வட்டந்தான், ஆனா கூட ஒரு சின்னப் பொட்டி குடுக்கறாங்க. அத எங்க வெக்கிறமோ அதத் தாண்டி மிஷினு போவாது. கண்ணுக்குத் தெரியாத சுவருன்றான் கடைக்காரன். எது வாங்கட்டும்?"

"குழாய் வெச்சது!" என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினேன். எங்கள் வீட்டில் தூசி தரையில் மட்டுமா இருக்கிறது? கொசுவலையில் இருக்கிறது, ஃபேன் இறக்கையில் இருக்கிறது, பீரோ தலையில் இருக்கிறது. சாமி படத்துக் கண்ணாடியைத் துடைத்தால் மறுநாளே முருகன் மங்கலாகிவிடுவார்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "அத யாரு புடிச்சிக்கிட்டு நிக்கிறது? உனக்கு நேரம் இருக்குதா, எனக்கு நேரம் இருக்குதா?" பிறகு கையை எடுத்தார். "மாமா, ரோபோவே எடுங்க. சுவரு பொட்டியெல்லாம் வேணாம். நம்ம வூட்ல ரூமுக்கு ரூமு நிலைப்படி இருக்குதே, அதத் தாண்டி எது போவும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவர் மிஷின் தேர்ந்தெடுக்கவில்லை. இருக்கிற இடத்தை விட்டு நகராமல் இருப்பதற்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எங்கள் தொழில் கொலு பொம்மை. மண்ணைக் கூழாகக் கரைத்து மோல்டில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, கூடத்தில் காயவைத்து, காய்ந்த பிறகு மோல்டின் இரண்டு பாதியும் சேருகிற கோட்டைக் கத்தியால் சுரண்டி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கிற தூள் முகத்துக்குப் போடுகிற பவுடரை விட மெல்லியது. அதில்தான் சாப்பிடுகிறோம், அதில்தான் தூங்குகிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பெண் காவியாவுக்கு ஆகிவிட்டது.

இரண்டாம் வகுப்பு முடித்தவள். சுவாசம் இழுக்க ஆரம்பித்தால் தோள் இரண்டும் காதைத் தொடும், கழுத்தடிக் குழி உள்ளே போய்விடும். நெஞ்சுக்குள் யாரோ மெல்லிய விசில் ஊதுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பது என்னவானாலும் கீழே போட்டுவிட்டு ஓடுவேன். அப்படிப் போட்டு உடைந்த பொம்மைகள் நிறைய.

குழந்தைகள் டாக்டர் ஏப்ரலில் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். "மருந்து நான் குடுத்துக்கிட்டே இருக்கலாம்மா. ஆனா ஒண்ணு, தூசி வூட்ட வுட்டு வெளிய போவணும். இல்ல, குழந்தை அந்த வூட்ட வுட்டு வெளிய இருக்கணும். ரெண்டுல ஒண்ணு."

தூசி வெளியே போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. பொம்மை, பீங்கான் பட்டறைகள் இருக்கிற செராமிக் எஸ்டேட்டில் ராஜாங்கத்தின் ஷெட் பாதி காலியாகக் கிடக்கிறது. ராஜாங்கமும் இவரும் ஒன்றாகத் தொழில் ஆரம்பித்தவர்கள். ஒரு தடவை சூளை ஆறுவதற்கு முன்பே கதவைத் திறந்து ஒரு லாட் பொம்மையும் விரிசல் விட்டுப் போனது. திறந்தது நீ என்று இவர், திறக்கச் சொன்னது நீ என்று அவர். அதோடு பேச்சு நின்று போனது. காவியாவுக்கு இப்படி என்று கேள்விப்பட்டு ராஜாங்கத்தின் மனைவி அம்சவல்லி எங்கள் வாசலுக்கே வந்தாள். "அண்ணே, எடம் சும்மாதான் கெடக்குது. மோல்டெல்லாம் கொண்டாந்து அங்கயே போட்டுக்குங்க, அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றாள். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் முகம் சுருங்கிப் போனதை நான்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அவன் வாசல்ல போயி நான் நிக்கணுமா?" என்பார், நான் எப்போது பேச்சை எடுத்தாலும். அந்தக் கேள்விக்கு முன்னால் பிள்ளையின் நெஞ்சு விசிலெல்லாம் காதில் விழாது போலிருக்கிறது.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை என் நாத்தனார் திரௌபதி மிஷினோடு வந்து இறங்கினார். தாம்பரத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து மிஷினைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார். திரௌபதி அண்ணிக்குக் குழந்தை இல்லை. காவியா பிறந்த நாளிலிருந்து அவள் மேல் உயிர். அண்ணி கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நல்லவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

இதுவரை போனில் சாடையாகச் சொல்லி வந்ததை, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நேராகவே சொல்லிவிட்டார். "இங்க பாரு அன்பு, மனசுல வெச்சிக்காம சொல்லிடறேன். ஞாயித்துக்கெழம பகல் ரயில்ல நான் கெளம்பறேன். அதுக்குள்ள பாப்பாவுக்கு இழுப்பு நின்னுச்சுன்னா சந்தோஷம், சாமிக்குத் தேங்கா ஒடைக்கிறேன். நிக்கலன்னா எங்கூட வரட்டும். ஸ்கூலு எங்க வூட்டுப் பக்கத்துலயே இருக்குது, கேட்டும் வெச்சிட்டேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மிஷின் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கறுப்பாக, வட்டமாக, தடிமனாக இருந்தது அது. "ஐ, தோசைக்கல்லு!" என்றாள் காவியா. அதோடு அதற்கு அதுவே பெயராகிவிட்டது. சார்ஜ் ஏற்றி அவள் படுக்கிற பின்கட்டு அறையில் விட்டோம். கொர்ரென்று ஒரு சத்தத்தோடு கிளம்பியது. சுவரில் முட்டியது, யோசித்தது, திரும்பியது. கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. காவியா கட்டில் மேல் குதித்துக்கொண்டு அது எங்கே போகும் எங்கே போகும் என்று கத்தினாள். நிலைப்படியில் மோதி மோதி அது திரும்பியபோது இவர் என்னைப் பார்த்து, "சொன்னன்ல?" என்றார்.

அடியில் இருந்த குப்பைப் பெட்டியை இழுத்துத் திறந்தோம். வெள்ளை வெளேரென்று தூள். அந்த ஒரு அறையில், நான் காலையில் பெருக்கிய அறையில், அவ்வளவு இருந்தது. அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். இத்தனையுமா என் பிள்ளையின் மூச்சுக்குள் போய்க்கொண்டிருந்தது?

"குடு, நான் பாத்துக்கறேன்," என்று இவர் பெட்டியைப் பதமாக வாங்கிக்கொண்டார். "இனிமே இத தெனம் நான்தான் காலி பண்ணுவேன். நீ கிட்ட வராத, உனக்கும் இழுப்பு வந்துடப் போவுது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் குடித்த டம்ளரைக் கூட எடுத்து வைக்காத மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்த மனிதரைக் கரித்துக் கொட்டியிருக்கிறோமே என்று உள்ளுக்குள் வெட்கமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை காவியா விசில் இல்லாமல் எழுந்தாள். கிணற்றடி வரை ஓடினாள். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அண்ணி சிரிப்பில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று எனக்குப் பட்டது. அது அவர் தப்பில்லை.

அன்று சாயங்காலம் இழுப்பு வந்தது.

தோள் காதைத் தொட்டது. மருந்தை வாயில் வைத்து அமுக்கி, முதுகைத் தடவி, மெல்ல அடங்குவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. மிஷினை மத்தியானம்தான் மூன்று அறையிலும் தூக்கித் தூக்கி விட்டிருந்தோம். தரையில் விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை காலை மறுபடியும் நன்றாக இருந்தாள். நான் விடவில்லை. ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். தலையணையை மாற்றினேன். கொசுவலையை நனைத்துப் பிழிந்தேன். சாமிக்கு ஊதுபத்தி கூடக் கொளுத்தவில்லை. அண்ணி போட்டுக்கொள்கிற பவுடராக இருக்குமோ என்று சந்தேகம் வந்து, கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல், பவுடர் டப்பாவைப் பரணில் ஒளித்து வைத்தேன். அண்ணி அதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் தெரியாதது போல் இருந்தேன்.

எதிர்வீட்டு வீரம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மிஷினுதான் ஆவல. அது முன்னால உறிஞ்சி பின்னால ஊதுது போல," என்றாள். ஒருவேளை அப்படித்தானோ என்று மிஷினின் பின்பக்கம் கையை வைத்து வைத்துப் பார்த்தேன். சூடான காற்றுதான் வந்தது.

மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது. அந்த வருடம் கோடையில் எந்த வீட்டில்தான் போகவில்லை. கரண்ட் போனால் பின்கட்டு அறையின் ஜன்னல்தான் எங்களுக்கு ஃபேன். காவியாவை அங்கே படுக்க வைத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, பொம்மைகளுக்கு வர்ணம் தீட்ட வாசல் பக்கம் வந்து உட்கார்ந்தேன். தூரிகையைப் பிடித்தபடியே காது முழுக்க உள்ளேதான் இருந்தது. தூசியைத் துரத்திவிட்டோம், நல்ல காற்று வருகிறது, இன்றைக்கு வராது, இன்றைக்கு வராது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விசில் கேட்டது.

இந்த முறை மருந்துக்கு அடங்கவில்லை. உதடு ஓரம் நீலம் பூத்தது. ஆட்டோக்காரர் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். மூக்கையும் வாயையும் மூடி அந்தப் புகை மருந்தை வைத்தார்கள். அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் உருட்டி என்னையே பார்த்தாள். இவர் சுவரோரமாக நின்றார். உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

அங்கேயே, மருந்து வாடையில், அண்ணி முடிவைச் சொன்னார். குரல் உயரவில்லை. "நாளைக்கு என்கூட வரட்டும்டா நந்தா."

நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், ராஜாங்கம் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கேட்டேன்.

"மிஷினும் வாங்கியாச்சி. வேற என்னா பண்றது," என்றார். "கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும்."

கொஞ்ச நாளாம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளை கொஞ்ச நாளில் வருமா? லீவுக்கு வரும், விருந்தாளி மாதிரி வரும், வந்தால் மறுபடி இழுக்கும், அதனால் லீவுக்கும் வராது. எனக்கு அது அப்படியே கண்முன் தெரிந்தது. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் அழுகை கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பை கட்டியாகிவிட்டது. கவுன்கள், மருந்து, பள்ளிச் சான்றிதழ், அவளுடைய பழைய துணி முயல். மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணிக்கு மறுபடி மறுபடி சொன்னேன். அவரும் முதல் தடவை கேட்பது போலவே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டார். காவியா கடைசியாக ஒருமுறை தோசைக்கல்லை எல்லா அறையிலும் விட வேண்டும் என்று அடம் பிடித்து விட்டாள். "நான் இல்லன்னா இது யாருகூட வெளயாடும்?" என்று கேட்டாள். நான் அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

இவர் குப்பைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். பிள்ளை கிளம்புகிறதைப் பார்க்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் போனது. ஆட்டோ வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. காவியாவைப் புது கவுனோடு ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வழிக்குத் தயிர்சாதம் கட்டப் போனேன். மூடியை அழுத்திக்கொண்டிருந்தபோது இருமல் கேட்டது. ஒன்று. பிறகு தொடர்ச்சியாக. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா தெனமும் இங்கதான் மாவு சலிக்கிறாரு," என்றாள் இருமலுக்கு நடுவே.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே, துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து, மடியில் நியூஸ்பேப்பரை விரித்து, கையில் மெல்லிய சல்லடையோடு இருந்தார். கொலு சீசனில் மூட்டை மண்ணைச் சலிக்கிற அதே சல்லடை. விளிம்பைத் தட்டத் தட்டத் தூள் இறங்கியது. இறங்கியதில் பாதி இறங்காமல் அப்படியே மேலே எழுந்தது. அந்த மூலையில் தரையோரம் காற்று அடிக்காது, மண் பறந்து வீணாகாது என்றுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கீழே காற்று இல்லாததால் தூள் வேறெங்கும் போகாமல் நேராக எழுந்து, தலைக்கு மேலே ஜன்னலுக்குள் அடித்த காற்றோடு உள்ளே போனது.

"என்னங்க பண்றீங்க?"

"சலிக்கிறேன்."

"எத?"

"மிஷினுல வர்ற மண்ணத்தான்." அவர் முகத்தில் ஒரு ஒளிவும் இல்லை. "நல்ல மண்ணு அன்பு. தூக்கிக் கொட்ட மனசு வருமா? ஊறப் போட்டா திரும்ப ஊத்தலாம். அப்படியே போட்டா மயிரும் நூலும் கூழ்ல கலந்துடும், சூளையில ஓட்ட வுழும். அதான் காஞ்சிருக்கிறப்பவே சலிச்சிடறேன்."

எங்கள் தொழிலில் மண்ணை யாரும் கொட்ட மாட்டார்கள். உடைந்த பொம்மை, சுரண்டிய துண்டு, தேய்த்த தூள் எல்லாம் தொட்டிக்குத் திரும்பிப் போகும். இந்த ஊரில் பிறந்தவருக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. அது எனக்குத் தெரியாதா?

"டாக்டரு தூசிய வெளிய போடச் சொன்னாரு," என்றேன்.

"போட்டுட்டனே!" என்றார் அவர். பக்கத்தில் இன்னொரு பேப்பர் துண்டைக் காட்டினார். அதில் தலைமுடி, பாவாடை நூல், செத்த எறும்பு, பென்சில் சீவிய சுருள், ஒரு பாசிமணி. "இதோ பாரு. ஒரு தூசி இல்லாம சலிச்சி எடுத்துட்டேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. டாக்டர் தூசி என்று சொன்னபோது இந்த மனிதர் புரிந்துகொண்டது முடியும் நூலும்தான். பறக்கிற அந்த வெள்ளை அவருக்குத் தூசியே இல்லை, மண். அவர் சோறு. நாலு நாளாகப் பிள்ளையின் அறையிலிருந்து மிஷின் எடுத்ததையெல்லாம் பிள்ளையின் ஜன்னலுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார், அதுவும் அவ்வளவு பொறுப்பாக.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அவர் மோவாயைப் பிடித்து மேலே திருப்பினேன். "பாருங்க."

காவியா கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்திருந்தாள். நான் காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட வகிடு முழுக்க வெள்ளை. புருவத்தில் வெள்ளை. இமை முடி ஒவ்வொன்றிலும் வெள்ளை. சூளைக்குப் போகாத பொம்மை மாதிரி இருந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை, விசில் வந்தது.

அவர் கை சல்லடையின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

வாசலில் சாமிக்கண்ணுவின் ஆட்டோ ஹாரன் அடித்தது. "நந்தா, ரயிலுக்கு நேரமாவுது!" என்று அண்ணி உள்ளிருந்து கூப்பிட்டார்.

நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி முகத்தை ஈரத்துணியால் துடைத்து, மருந்தை அடித்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, வாசல் திண்ணையில் காற்றாட உட்கார வைத்தேன். மூச்சு கொஞ்சம் இறங்கியது. அதற்குள் சாமிக்கண்ணு அவள் பையை ஆட்டோவில் ஏற்றியிருந்தார். அந்தப் பையை எடுத்துக் கீழே வைத்தேன். கூடத்துக்குப் போய், எங்கள் மோல்டிலேயே பெரியதான பிள்ளையார் மோல்டின் ஒரு பாதியைக் கட்டிப் பிடித்துத் தூக்கி வந்து பையிருந்த இடத்தில் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறு பாதிக்குத் திரும்பினேன்.

"அன்பு, என்னா இது?" என்று அண்ணி பதறினார். "ரயிலு போயிடும்!"

"போவட்டும் அண்ணி."

இவர் பின்கட்டிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த மோல்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார், இழுத்துக் கீழே வைக்கப் போகிறார், வைத்தால் நானும் காவியா கூடவே ரயிலேறிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

"அப்படி வெச்சா ஒடஞ்சிடும்," என்றார். குரல் கம்மியிருந்தது. "வாய் கீழ பாக்கணும். அடியில சாக்கு போடணும்."

வந்து, என்னை விலக்கி, சாக்கை மடித்துப் போட்டு, மோல்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு உள்ளே போய் மறு பாதியை எடுத்து வந்தார். பிறகு லட்சுமி. பிறகு செட்டியார் ஜோடி. மார்போடு அணைத்து ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார். வீரம்மாள் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். ஆட்டோ நிறைந்துவிட்டது.

சாமிக்கண்ணு தலையைச் சொறிந்தார். "ஜங்ஷனுக்குன்னு சொன்னாங்களே அண்ணே. இத எங்க கொண்டு போவணும்?"

இவர் டிரைவர் சீட்டு ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தப் பெயரை அவர் வாய் சொல்லுமா?

"எஸ்டேட்டுக்குப் போ."

"எஸ்டேட்டுல எங்கண்ணே?"

திண்ணையிலிருந்து காவியா இருமினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ராஜாங்கம் ஷெட்டுக்கு," என்றார். "கொஞ்சம் பாத்து ஓட்டு. அவங்க வூட்டு வாசல்ல நிறுத்து மொதல்ல. நான் எறங்கிப் பேசணும்."

ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ராஜாங்கம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. கூடத்தில் இன்னும் பாதி மோல்டு இருந்தது, தொட்டி இருந்தது, காய்கிற பிள்ளையார்கள் இருந்தார்கள். வீடு கழுவி முடிக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியாது.

அண்ணி கையில் ரயில் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவருடைய மூக்கு சிவந்திருந்தது. ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்டபோது டிக்கெட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கீழே கிடந்த பையைத் தூக்கித் திண்ணையில் வைத்து, ஜிப்பை இழுத்து, முதலில் அந்தத் துணி முயலை எடுத்தார்.

"அத்தை, அப்ப நான் ஊருக்குப் போவலியா?" என்று கேட்டாள் காவியா.

அண்ணி முயலை அவள் மடியில் வைத்தார். நெற்றியோரம் நான் துடைக்க விட்டிருந்த வெள்ளையை முந்தானையால் அழுத்தித் துடைத்தார்.

"நீ இல்லடி தங்கம்," என்றார். "மண்ணு போவுது."